ஏழில் ஒன்று

நோர்வுட்டிலிருந்து வந்த ஆள்
கடிதத்தை மேசையில் வைத்த சத்தத்திலேயே
ஏதோ பிழை என்று விளங்கியது.
"தங்கச்சி, எம்பேரு முத்து.
இதுல முத்துலெட்சுமின்னு இருக்காம்.
சேமலாப நிதிக் கந்தோர்ல
அந்தப் பொம்பளையக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

பக்கத்து மேசையில் ஜெனிட்டா சிரித்துவிட்டாள்.
அவரும் கொஞ்சம் சிரித்தார்.
அந்த விண்ணப்பத்தை அடித்தவள் நான்.

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
என் கணினிக்கும் திரை உண்டு.
போன மாதம் அது செத்துக் கிடந்ததை
ஆறு நாள் கழித்து ஜெனிட்டா சொல்லித்தான் அறிந்தேன்.
இடது காதில் இயந்திரக் குரல்,
சளி பிடித்த வாத்தியார் மாதிரி.
வலது காது ஆட்களுக்கு.
மவுஸை ஒருமுறை தொட்டிருக்கிறேன்,
தூசு துடைக்க.

"நான் அடிக்கிறேன், நீ பாரு" என்றேன்.
மு. த். து.
"ஐயோ, பெட்டி ஒன்னு வருது."
"எங்க?"
"எழுத்துக்குக் கீழயே. முத்துலெட்சுமி, முத்துக்கருப்பன்,
முத்துவேல்... ஏழு பேரு நிக்கிறாங்க.
முதல் ஆள் மேல நீலம் பூசியிருக்கு."

புதுப் பதிப்புப் போட்டு மூன்று வாரம்.
மூன்று வாரமாய் என் விரலடியில்
ஏழு பேர் மூச்சுக் காட்டாமல் நின்றிருக்கிறார்கள்.
அடுத்த வரிக்குப் போக நான் எண்டர் தட்டினேன்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது பெட்டி.

இயந்திரங்களோடு பேசுவேன், வெட்கமில்லை.
அன்று கேட்டேன்:

பெரட்டுக் களத்தில்கூடப் பேர் கூப்பிட்டுத்தானே
ஆள் பதிவார்கள்?
'அது நானில்லீங்க' என்று சொல்ல
ஒரு நொடியாவது கிடைக்குமே.
நீ ஏன் கூப்பிடவில்லை?

கீழே பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் கத்துகிறான்,
மஸ்கெலியா மஸ்கெலியா, நோர்வுட், மஸ்கெலியா,
ரெண்டு சீட் இருக்கு.
வேண்டாம் என்றால் விலகிப் போவான்,
நான் நின்ற இடத்திலேயே நிற்பேன்.
அவனிடம் போய்ப் படி.
வந்தால் வந்தேன் என்று சொல்.
எத்தனை பேர், இப்போது யார்மேல் நிற்கிறேன், சொல்.
கடைசி ஆளுக்கு அப்பால் பள்ளம் என்றால்
அதையும் சொல்.
எஸ்கேப் தட்டினால் போ,
போகிற போக்கில் என் எழுத்தைக் கொண்டு போகாதே.
எண்டர் என்னுடையது.

"இந்த இழவப் பேசாம நிப்பாட்டிடுவோமே" என்றாள் ஜெனிட்டா.
நல்ல கதை.
நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகம் என்று
நாளுக்கு நாற்பது தரம்
நீ மூன்று எழுத்தில் முடிப்பாய்,
நான் மட்டும் முழுசாய் அடிக்க வேண்டுமா?
எனக்கும் வேண்டும் அந்தப் பெட்டி.
வாய் திறக்கிற பெட்டியாக வேண்டும்.

அமைப்புக் கோப்பில் நாலு வரி.
எடுத்துக்கொள்ள டாப் என்று மாற்றினேன்.
அறிவிக்கும் வசதி இருந்திருக்கிறது,
அணைத்தே கொடுத்திருக்கிறார்கள்.
யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதாம்,
விளக்கக் குறிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது.

பழைய கோப்புகளைத் தேடினோம்.
பழனி பழனியாயி ஆகியிருந்தார்.
செல்வம் செல்வமணி.
மொத்தம் பதினொரு பேர்.
அதில் ஒருவர் போன கிழமைதான் காலமாகிவிட்டாராம்,
ஜெனிட்டா தொலைபேசியை மெல்ல வைத்தாள்.

மழை விடவில்லை. முத்து அண்ணனும் போகவில்லை.
தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்திருக்கும்.
இயர்போனின் ஒரு பக்கத்தை அவரிடம் நீட்டினேன்.

மு. த். து.
ஏழில் ஒன்று, முத்துலெட்சுமி என்றது குரல்.

"நானில்லீங்க" என்றார்
எழுந்து நின்று.

எஸ்கேப்.
முத்து.
எண்டர்.

அடுத்த வரி.